மழை கண்டு வரப்பு வெட்டிய அளத்தார் பொருட்டு விடுத்த திருமுகம்

நீர் நிலைக்க. நெல் நிலைக்க. இவ்விரண்டையும் காக்கும் நெறி நிலைக்க.

மஞ்சுவரை நாட்டின் அரியணை அமர்ந்து, மலைக்குடிக்கும் கடற்குடிக்கும் ஒரு குடையே நிழலென வைத்து, குறை சொல்ல வந்தவர் சொல்லி முடிக்கும்வரை இருக்கை விட்டு எழாத பெருந்தேவி எழினியார் திருவாய் மொழிந்தருள, அவர்தம் ஓலைநாயகமும், அங்காடித் தெருவில் பிறந்து, வணிகர்க்குரிய எட்டிப் பட்டத்தை அவர் கையாலேயே பெற்றவனுமாகிய நன்னாகன் எழுதும் ஓலை.

வடவெல்லையில் பகைவர் கால் படாது காத்து, பெருவாவி நாட்டைத் தம் தோள்மேல் தாங்கி நிற்கும் நாடாள்வார் கடுந்தேரனார் திருமுன் இது காண்க. தங்கள் வாவி கரை தளும்புக. தங்கள் குதிரைகள் குளம்பு தேயாது வாழ்க. எல்லைக் காவலில் தங்களோடு குளிர் காயும் வீரர் அனைவரும் தம்தம் மனை திரும்புக என வாழ்த்தி, அதன்பின் எழுதுவது.

தாங்கள் விடுத்த ஓலை பெருந்தேவியார் திருமுன் வாசிக்கப்பெற்றது. அதில் எழுதியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயினும், வாங்கிய சரக்கைப் பற்றிப் பேச வந்தவன் முதலில் அந்தச் சரக்கை இருவர் கண்ணுக்கும் தெரிய விரித்துப் போட்டுவிட்டே வாய் திறப்பது எங்கள் தெரு வழக்கமாதலால், யானும் அதையே செய்கிறேன்.

தாழங்கழிக் கரையில் தலைமுறை தலைமுறையாக உப்பு விளைத்து வந்த அளத்தாரின் அளங்களைக் கடல் ஏறி வந்து கொண்டது. நிலமற்று நின்ற அக்குடிகளுக்குப் பெருவாவியின் கீழ்மதகுப் பாசனத்தில் தரிசாய்க் கிடந்த வயல்களை அரசியார் அளித்தார். உப்பன்றி வேறொன்று விளைத்தறியாத அவர்களுக்கு நெல்விளைவு கற்பிக்கவென்று மதகு மண்டபத்தில் ஒரு பள்ளி நிறுவி, தலைநகர் உழவுக் கழகத்திலிருந்து ஆசிரியர் பூதங்கண்ணனாரை அனுப்பிவைத்தார். ஆணும் பெண்ணுமாய், நரைத்தவரும் நரையாதவருமாய், அளத்தார் அப்பள்ளியில் அமர்ந்து கற்றனர். நாற்று விட்டனர், நட்டனர். நட்ட பயிர் பச்சை பிடித்த வேளையில் ஒரு நண்பகல் வானம் கறுத்து இடி இடித்தது. அந்தக் கணமே அத்தனை பேரும் மண்வெட்டியோடு ஓடி வரப்புகளை வெட்டித் திறந்துவிட்டனர். தேக்கிய நீரும் பெய்த நீரும் நாற்றை வேரோடு வாரிக்கொண்டு போய், பள்ளத்து நெல்லுழவராகிய கீழூரார் வயல்களை மண்ணால் மூடின.

மழை நீரை வரப்பால் காக்க வேண்டும் என்பது பள்ளியின் முதற்பாடம். அப்பாடத்தை அவர்கள் பிழையின்றி ஒப்பித்ததற்கு ஆசிரியரே சான்று. தெரியாமல் செய்தவன் பேதை. தெரிந்தே செய்தவன் பகைவன். ஆகவே ஐப்பசி மழை தொடங்குமுன் அளத்தாரை நாட்டெல்லைக்கு அப்பால் விரட்டவும், பள்ளியைப் பூட்டவும், அந்நிலத்தைப் படைவீரர்க்குப் பிரித்தளிக்கவும் முத்திரை வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் கூவி அனைவரையும் கிளப்பியவள் என்று தாழை என்னும் பெண்ணைக் காவலில் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சரக்கு இதுதான். இதில் யான் ஒரு நூலும் உருவவில்லை.

அரசியார் அதற்கு முத்திரை இடவுமில்லை, மறுக்கவுமில்லை. முத்திரையை என் கையில் கொடுத்து, போய்ப் பார்க்கும்படியும், பார்த்ததைத் தம்மிடம் சொல்லாமல் தங்களுக்கே எழுதும்படியும், தாங்கள் மனம் ஒப்பும்படி எழுத முடியுமானால் மட்டுமே யான் கண்டது மெய் எனத் தாம் கொள்வதாகவும் மொழிந்தார். பேரம் பேசிப் பழகிய எனக்கே இது கடினமான பேரம். குடிகளின் வாழ்வை வைத்துப் பேசும் பேரத்தில் யான் இதற்குமுன் அமர்ந்ததில்லை.

யான் மதகு மண்டபம் சேர்ந்தபோது அளத்தார் வாவிக் கரையில் ஓலைக் குடில் கட்டிக் காவலுக்குள் இருந்தனர். தங்கள் காவல் தலைவர் முறையான மனிதர். கேட்டதற்கெல்லாம் விடை சொன்னார், கேளாததற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் பூதங்கண்ணனார் கண்ணுறக்கம் கெட்டவராய்க் காணப்பட்டார். தாம் கற்பித்ததில் குறையில்லை என்றும், குற்றம் ஒன்று இவர்கள் நெஞ்சில் இருக்கவேண்டும் அல்லது மண்டையில் இருக்கவேண்டும் என்றும், மூன்றாவதாக ஓரிடத்தை எவ்வளவோ தேடியும் தமக்குக் கிடைக்கவில்லை என்றும் கூறினார். அவரைப் பொய்யர் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. தம் மாணாக்கரைக் குற்றவாளியாகக் காண்பதில் மகிழ்பவர் முகம் அப்படி இருக்காது.

மறுநாள் பள்ளியை வழக்கம்போல் நடத்தச் சொல்லிப் பின்வரிசையில் அமர்ந்தேன். பாடம் ஒழுங்காய் நடந்தது. ஆசிரியர் ஓர் அடி சொல்ல, அத்தனை குரலும் ஒரு குரலாய்த் திருப்பிச் சொல்லின. வானம் தந்ததை வரப்பு காக்கும், வரப்பு காத்ததை வேர் பருகும் என்று அவர்கள் பாடியது காதுக்கு இனிமையாய் இருந்தது. அதைப் பாடியவர்களே வரப்பை வெட்டினார்கள் என்று சொன்னால் கல்லும் நம்பாது. தாங்கள் சினந்ததில் வியப்பில்லை. அன்று அந்த மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது எனக்கும் சற்றே சினம் வந்தது.

பின்பு வாசலைப் பார்த்தேன். ஒரு பெரிய தண்ணீர்ச் சாலும், கால் வைக்க ஒரு பலகையும் இருந்தன. உள்ளே வருமுன் ஒவ்வொருவரும் உப்பில் வெடித்த பாதத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டே வந்தனர். அது தூய்மைக்கா எனக் கேட்டேன். ஆசிரியர் விளக்கினார். உப்பு நெல்லுக்கு நஞ்சு. ஆதலால் முதல் நாளே, காலில் உள்ள உப்பையும் வாயில் உள்ள உப்புப் பேச்சையும் வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும், இம்மண்டபத்துள் நீங்கள் புதிதாய்ப் பிறந்தவர்கள், அளத்தில் கற்றது ஒன்றும் இங்கே செல்லாது என்று கட்டளையிட்டாராம். அவர்களும் தலையசைத்துக் கீழ்ப்படிந்தனராம். அன்றுமுதல் அப்பள்ளிக்குள் உப்பு என்ற சொல் ஒலித்ததே இல்லையாம். அவர் அதைப் பெருமையோடுதான் சொன்னார்.

நாடாள்வாரே, எங்கள் தெருவில் துணி விற்பவர் எவரும், வந்தவரைக் கண்டதும் மடிப்பை அவிழ்ப்பதில்லை. போனமுறை என்ன எடுத்தீர்கள், அது எப்படி உழைத்தது, எந்த இடத்தில் கிழிந்தது என்று கேட்டுவிட்டே அவிழ்ப்பார்கள். முன்பு சாயம் போய் ஏமாந்தவனிடம் நிறத்தைப் புகழ்ந்தால் அவன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பான். கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவான். தலையசைப்பதைக் கண்டு சரக்கு விற்றுவிட்டது என்று மகிழ்கிறவன் அங்காடியில் ஒரு திருவிழா தாண்டமாட்டான். அந்த மண்டபத்தில் யான் கண்டது நிறைய தலையசைப்பு.

ஆகவே, மழை வரக் கண்டால் அளத்தில் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடமே கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நயந்து கேட்டேன், அதட்டியும் கேட்டேன். எல்லோரும் தரையையே பார்த்தனர். பிறகுதான் உறைத்தது. எதற்காகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறார்களோ அதையேதான் யான் கேட்கிறேன். வெட்டித் திறப்போம் என்று ஒருவன் சொன்னால் அது வாக்குமூலமாகும். வாயிலில் வேலோடு நிற்பவன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாட்டைவிட்டு ஓட்டப்படுவோம் என்று அஞ்சி இருப்பவனிடம், உனக்குத் தெரிந்ததைச் சொல் என்று கேட்பது, உன் கழுத்தை நீயே அளந்து சொல் என்பது போலாயிற்று.

விலை சொல்ல மறுக்கும் வணிகனைப் பேசவைக்க ஒரே வழி, அவன் சரக்கைப் பற்றி அவன் பொறுக்கமாட்டாத தவறு ஒன்றைச் சொல்வது. யானும் எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தலைநகரப் பெரியோன் தோரணையில், உப்பு விளைவைப் பற்றி யான் அறிவேன் என்றும், அளத்தில் நல்ல மழை பெய்து நீர் முழங்கால் அளவு நின்றால் உப்பு கொத்துக் கொத்தாய் விளையும் என்றும், மழை குறைந்த ஆண்டில் உப்பு கரிக்காது என்றும் விளக்கத் தொடங்கினேன். இரண்டாம் வரிசையில் ஒருவன் இருமினான். ஒருத்தி முந்தானையால் வாயை மூடினாள். யான் விடாமல், மின்னல் பட்ட உப்பே உயர்ந்தது என்றேன். அப்போது காவலர் நடுவே கைகட்டுண்டு அமர்ந்திருந்த தாழை தலை நிமிர்ந்தாள். நடுவயது கடந்தவள்; அளத்தில் வானம் பார்த்துக் குரல் கொடுப்பது அவள் குடும்பத்தின் பணி. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்; இதைத் திருத்தி எழுதினால் திருடியவனாவேன்.

"ஐயா, உங்க வீட்டு உப்பு எந்த வானத்துலருந்து கொட்டுது? ஒரு சாலு இங்கயும் வாங்கி வைங்க, பாப்போம்."

மண்டபம் சிரித்தது. வேலோடு நின்றவனும் சிரித்தான். சிரித்த வாய் உடனே மூடாதல்லவா. என் அறியாமையைத் திருத்த ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசலாயினர். பாத்தித் தளத்தை மிதித்து மிதித்துக் கல்லாக்குவது, நீரைப் பாத்திக்குப் பாத்தி மெல்லக் கடத்துவது, பாதத்தால் ஆழம் அறிவது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஆசிரியர் பூதங்கண்ணனார் தம் இருக்கையை விட்டு இறங்கி வந்து அவர்கள் நடுவே நின்றார். மழை வந்தால் என்ன ஆகும் என்று அவரே கேட்டார். இம்முறை அந்தக் கேள்வியில் வழக்கு இல்லை; அறிய விரும்பும் ஒருவர் குரல் இருந்தது. தாழை விடை சொன்னாள்.

"மேகங் கறுத்தா நாங்க யோசிக்கிறதில்ல ஆசானே. கை தானா எந்திரிச்சுரும். ஒரு மழையப் பாத்தியில நிக்க விட்டா தளம் ஊறிப் போகும், அந்த வருசத்துச் சோறு போகும். எம் பாட்டன் காலத்துலருந்து அதான். நீங்க சொல்லிக் கொடுத்த பாட்டு வாயில இருந்துச்சு. மம்பட்டி கையில இருந்துச்சு."

இதை முன்னமே ஏன் தம்மிடம் சொல்லவில்லை என்று ஆசிரியர் வினவினார். பின்னாலிருந்து ஒருவன், முகம் காட்டாமல், விடை தந்தான்.

"உப்பை வாசல்ல வைக்கச் சொன்னீங்க, வச்சோம். வெளிய போறப்ப எடுத்துக்கிட்டுப் போனோம்."

பூதங்கண்ணனார் வாசல் பக்கம் திரும்பினார். தாம் தேடிக் காணாத அந்த மூன்றாம் இடம் வாசலில் இருந்தது என்பதை உணர்ந்தவராய் அந்தத் தண்ணீர்ச் சாலையே பார்த்தார். மறுநாள் சாலும் இல்லை, பலகையும் இல்லை. மண்டப முற்றத்தில் இரண்டு சிறு நிலங்கள் அடுத்தடுத்து வகுக்கப்பட்டிருந்தன. ஒன்றை உப்புப் பாத்தியாகவும், மற்றதை வயலாகவும் செய்யச் சொன்னார். எங்கே இரண்டும் ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைத் தாம் சொல்லாமல் அவர்களையே சொல்லவைத்தார். மட்டம் பார்ப்பதில் ஒத்தன. வரப்பு அணைப்பதில் ஒத்தன. நீரைக் கடத்துவதில் இவர்கள் கீழூராரைவிடக் கைதேர்ந்தவர்களாய் இருந்தனர். அந்த மகிழ்ச்சியில் ஆசிரியரே சற்று வேகம் கொண்டு, அப்படியானால் வயலும் ஒரு பாத்தி என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மாணாக்கர் வயலின் தளத்தையும் மிதித்துக் கல்லாக்கிவிட்டனர். நட்ட நாற்று, வேர் இறங்க வழியின்றிப் பாயில் கிடப்பதுபோல் கிடந்தது. ஆசிரியர் வெட்கப்படாமல், தாம் ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்துவிட்டதாய்ச் சொல்லி, இங்கேதான் இரண்டும் பிரிகின்றன என்று அந்த வாடிய நாற்றையே பாடமாக்கினார். தெரிந்ததைத் தொட்டுத் தொடங்கவேண்டும். ஆயினும் தெரிந்தது முடிகிற இடத்தையும் காட்டவேண்டும் என்பதை யான் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கற்றேன்.

கடைசியாய் மழைக்கு வந்தனர். எல்லோரும் மீண்டும் தரையைப் பார்த்தனர். கறுத்த வானம் கண்டால் ஓடாதீர்கள் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். யானாயிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் ஓடச் சொன்னார். ஒரு கூவலில் ஊரே வரப்புக்கு வந்து சேரும் பழக்கம் நெல் விளைக்கும் ஊர் எதிலும் இல்லை, அதை இழந்துவிடாதீர்கள், தாழை கூவட்டும், நீங்கள் மண்வெட்டியோடே ஓடுங்கள், வரப்பில் போய் நின்றதும் வெட்டுவதற்குப் பதில் மண் அணையுங்கள், மாற்ற வேண்டியது கடைசிக் கை அசைவு ஒன்றைத்தான் என்றார். பிறகு முற்றத்தில் அதைச் செய்து பார்த்தனர். கூவினார்கள், ஓடினார்கள், அணைத்தார்கள். வெயிலில் நனையாமல் மழைக்கூத்து ஆடியதைக் கண்டு காவலர்கள் கேலி பேசினர். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆயினும் எஞ்சிய நாற்றங்காலைக் கொண்டு மண்டபத்தை அடுத்த வயல்களில் மறுநடவு செய்ய இசைவு தந்து, தாழையின் கட்டையும் என் பொறுப்பில் அவிழ்க்கச் செய்தேன். காவல் தலைவர் அதற்கு இணங்குமுன், மண்வெட்டி ஒன்று வரப்பின்மேல் இறங்கினாலும் தம் வீரர் வேல் இறங்கும் என்று என்னிடம் தெளிவாகவே சொன்னார். அவர் தங்கள் ஆணைப்படி நிற்பவர். யான் மறுக்கவில்லை.

புரட்டாசியில், நாற்று வேர் பிடித்த ஒரு நண்பகலில், மேற்கே வானம் கறுத்தது.

அதன்பின் நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன். தாழை கூவினாள். கூவவேண்டும் என்று எண்ணிக் கூவியவள் போல் தோன்றவில்லை. அந்தக் குரல் அவளைக் கேளாமலே வந்தது. குடில்களிலிருந்து அத்தனை பேரும் மண்வெட்டியோடு ஓடிவந்தனர். வீரர்கள் வேல்களை நிமிர்த்தினர். காவல் தலைவர் கையை உயர்த்தினார்; அந்தக் கை இறங்கினால் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் அறிவோம். முதல் துளிகள் விழுந்தன. வரப்பில் போய் நின்ற அளத்தார் மண்வெட்டியை ஓங்கினார்கள். ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. அத்தனை பேர் ஒரே நேரத்தில் தம் கையோடு தாமே போராடியதை யான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். மழை வலுத்தது. தாழை வரப்பின்மேல் நின்று குரல் கொடுத்தாள்.

"அணை. அணைச்சுப் போடு. நாத்து குடிக்கட்டும்."

மண்வெட்டிகள் இறங்கின, பக்கத்து மண்ணை வாரி வரப்பின்மேல் சாத்தின. பாத்தித் தளம் மிதித்த அதே கால்கள் அந்த மண்ணை மிதித்து இறுக்கின. ஒரே ஒரு வரப்பு வெட்டப்பட்டது. இதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகும் என்பதால் எழுதுகிறேன். கழியன் என்பவன், கண்ணை மூடிக்கொண்டு, தன் பங்கு வயலின் வரப்பை வெட்டிவிட்டான். வெட்டிய பின் கண் திறந்து பார்த்து, மண்வெட்டியைத் தூர எறிந்து, அந்த உடைப்பில் தானே குறுக்கே உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவி அவன் முதுகைச் சுற்றி மண் அணைத்தாள். மழை விடும்வரை அவன் அங்கிருந்து எழவில்லை. ஒரு வேல்கூட இறங்கவில்லை. காவல் தலைவரின் உயர்த்திய கை எப்போது தாழ்ந்தது என்பது எனக்குத் தெரியாது. யான் பார்த்தபோது அவர் முழங்கால் அளவு நீரில் நின்று வரப்புக்கு மண் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதற்காக அவரைத் தாங்கள் கடிந்துகொள்ளலாகாது என்பது என் தனி வேண்டுகோள்.

கழியனை மட்டும் ஓட்டலாமே, கற்றும் வெட்டினான் அல்லவா என்று தாங்கள் கேட்கக்கூடும். அவன் வெட்டியது பாட்டன் கொடுத்த கையால். உடைப்பில் உட்கார்ந்தது பள்ளி கொடுத்த அறிவால். இரண்டும் அவனுக்குள் ஒன்றையொன்று அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தன. இந்த ஆண்டில் பள்ளி ஈட்டிய பேறு என்று எதையாவது காட்டச் சொன்னால், யான் சேற்றில் அமர்ந்திருந்த அவனைத்தான் காட்டுவேன்.

இனி எழுதப்போவதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. ஆயினும் தாங்கள் மனம் ஒப்பவேண்டும் என்பது அரசியார் இட்ட கட்டளை. ஆகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

நெடுங்கரைக் கோட்டை முற்றுகையில் பகைவர் ஏரிக் கரையை மழையில் வெட்டித் திறந்ததும், பள்ளத்தில் பாசறை அமைத்திருந்த தங்கள் இளவல் தம் படையோடு அந்த வெள்ளத்தில் போனதும் நாடறிந்தவை. அந்நாள் முதல், வெட்டிய கரையைக் காணும்போதெல்லாம் தங்களுக்குப் பகைவன் முகமே தோன்றுவது இயல்பு. கீழ்மதகில் வரப்புகள் வெட்டப்பட்டன என்று செய்தி வந்தபோது, தாங்கள் அதைத் தாங்கள் அறிந்த எழுத்திலேயே படித்தீர்கள். அளத்தார் மேகத்தை அவர்கள் அறிந்த எழுத்தில் படித்ததுபோலவே. எவரும் பொய் படிக்கவில்லை. புதிய ஓலையைப் பழைய கண் படித்தது. தங்களிடமும், அவர்களிடமும், இதற்குமுன் என்ன படித்தீர்கள் என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால், தாங்கள் அந்த ஓலையை எழுதியிருக்க வேண்டியதில்லை. யானும் இதை எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஆகலின் பெருந்தேவியார் பெயரால் ஆவது. அளத்தாரை விரட்டும் எண்ணம் இத்துடன் ஒழிக. கீழ்மதகு வயல்கள் அவர்கட்கே நிலைக்க. அவர்தம் மக்கட்கும் நிலைக்க. தாழையின்மேல் வழக்கில்லை, வானம் பார்த்துக் குரல் கொடுக்கும் பணி பெருவாவிக் கரை முழுமைக்கும் அவளுடையதாகுக, கீழூராரும் அக்குரலுக்கு எழுக. மண்மூடிய கீழூர் வயல்களை அளத்தாரே துப்புரவாக்கி மட்டம் பார்த்துக் கொடுக்க. நாற்று அரண்மனை நாற்றங்காலிலிருந்து வரும். பள்ளி நடக்க. பூதங்கண்ணனார் அதன் ஆசிரியராகவே இருக்க. புதிய பாடம் எதையும், அதுபற்றி மாணாக்கர் முன்பே என்ன அறிவர், அவர் கை என்ன அறியும் என்று கேட்ட பின்பன்றி அவர் தொடங்கமாட்டார் என்பது அவரே விரும்பி ஏற்ற நெறி. இதை ஆணையாக்கி எல்லாப் பள்ளிக்கும் அனுப்பலாகாதா என்று அவர் கேட்டார். யான் வேண்டாம் என்றேன். கேள்வி கேட்கவேண்டும் என்று ஆணை போனால் அந்த ஆணையையும் பாட்டாக்கி ஒப்பிக்கவைத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாய், பிற பள்ளி ஆசிரியர் ஒருவர்பின் ஒருவராய்க் கீழ்மதகுக்கு வந்து, கழியனோடு ஒரு நாள் அந்த வரப்பில் அமர்ந்து பேசிவிட்டுப் போவர்.

தங்களுக்கு இடும் கட்டளை ஒன்றே. ஐப்பசிப் பெருமழைக்கு வடவெல்லையைத் துணைத்தலைவர் கையில் ஒப்புவித்து, தாங்களே கீழ்மதகு வருக. வந்து, அளத்தாரோடு வரப்பின்மேல் நிற்க. வானம் கறுக்கும். தாழை கூவுவாள். அத்தனை பேரும் மண்வெட்டியோடு தங்களை நோக்கி ஓடிவருவர். அப்போது தங்கள் கை வாளின் பிடிக்குப் போகும். போகட்டும், அதைத் தடுக்க எந்த அரசாலும் ஆகாது. உருவாமல் நில்லுங்கள். அவர்கள் கற்றதும் அவ்வளவே.

இது பெருந்தேவி எழினியார் திருவாணை. அவர் கொடுத்தனுப்பிய முத்திரையை, தாங்கள் ஒப்புவீர்கள் என்னும் நம்பிக்கையில், அரக்கு உருக்கி யான் இங்கே பதித்தேன். பதித்த இடம் மதகு மண்டபத்து வாசல். நேரம், மழை ஓய்ந்து வரப்பு நிறைந்து நின்ற பொழுது.

நீர் நின்றது. ஓலை முற்றிற்று.